பொடிமேல் விழுந்த பழி

சொரசொரப்பான நாக்கால் எங்கள் ஆடுகள் மண்சுவரைச் சுரண்டும் 'சரக் சரக்' சத்தத்தில்தான் எங்கள் ஊரான சிலமலையில் எனக்குப் பொழுது விடியும். பதினொரு செம்மறிகள், மண்ணைத் தின்னும், ஒன்றின் மயிரை ஒன்று பிடுங்கித் தின்னும், வயிறு உப்பி நிற்கும், புழுக்கைக்குப் பதில் கழிச்சலாகப் போகும். அப்பா அதை 'மண்ணுத்தீனி' என்பார். போடியிலிருந்து வந்து பார்த்த இளவயதுக் கால்நடை டாக்டர், "தீவனத்துல தாதுச்சத்து பத்தலண்ணே" என்று தாது உப்புப் பொடி கொடுத்து, தவிட்டில் பிசறி அளவாக வைக்கச் சொன்னார். நம்ப மாட்டீர்கள், ஒரு மாதத்துக்குள் ஒன்றுகூடச் சுவர்ப் பக்கம் போகவில்லை. மேய்ந்து வந்ததும் படுத்து நிம்மதியாக அசைபோட்டன, புழுக்கை மணிமணியாக விழுந்தது. "டாக்டரு கைராசிக்காரரு" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்தத் தவிட்டைக் கொட்டி வைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. தினமும் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த அம்மா, அங்கே செடிக்கு மருந்தடிக்க வாங்கிய மயில்துத்தம் என்ற நீலச் செம்பு உப்பின் காலிச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, "நாலு தண்ணி மாத்தி அலசு ஆத்தா, வெசம்" என்று என்னிடம் கொடுத்தார். எனக்குப் பத்து வயது. தெருவில் பாண்டி ஆட்டம் சூடுபிடித்திருந்தது. இரண்டு உதறு உதறிக் கொடியில் போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் இரண்டு ஆடுகள் எழவே இல்லை. கண் மஞ்சளித்து, மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்தில் போனது. பதறி வந்த டாக்டர், "செம்புச்சத்து கூடிப்போன மாதிரி இருக்கே, செம்மறி அதத் தாங்காதுண்ணே. நான் சொன்ன அளவுதான வச்சீங்க? இந்தச் சாக்கு ஏது?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். "நல்லாக் கழுவுனேன்" என்றேன். பாவி, எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

ஐந்து ஆடுகள் செத்தன. அப்பா மிச்சப் பொடியை வாய்க்காலில் கொட்டி, "படிச்ச கையால வெசத்தக் குடுத்துட்டியேய்யா" என்று ஊர் பார்க்க டாக்டரை ஏசினார். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் அந்தப் பொடியைத் தொடவில்லை. பிழைத்த ஆடுகள் மறுபடி மண்ணைத் தின்று வயிறு ஊதின. பார்க்கச் சகிக்காமல் அப்பா அவற்றை விற்றுத் தள்ளிவிட்டு, அம்மாவோடு தானும் தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறினார்.

இன்று அந்தத் தெருவில் பட்டிகள் இல்லை. பட்டி இருந்த இடங்களில் ஏலக்காய் லோடு ஜீப்புகள் நிற்கின்றன. பல வருடங்கள் கழித்து, போன மாதம்தான் பக்கத்து வீட்டு மருமகள் இரண்டு செம்மறிக்குட்டிகளும் ஒரு பொடிப் பொட்டலமும் வாங்கி வந்தாள். அப்பா கம்பை ஊன்றிப் போய், "எங்க ஆட்டக் கொன்னது அதுதாம்மா, தூக்கி எறி" என்று கத்தினார். "எப்பா, பொடிமேல தப்பில்ல" என்றேன்.

"ஒனக்கு என்னாத்தா தெரியும், அப்ப நீ பச்சப்புள்ள" என்றார்.

அந்தப் பெண் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படித்தவளாயிற்றே என்று என் முகத்தையே பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதைக் குப்பையில் போட்டுவிட்டாள்.