காலண்டர் அட்டை வைத்த வண்டி

என் பட்டறைக்கு பைக்கைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் வேகம் கேட்பார்கள், மீதிப் பேர் சத்தம் கேட்பார்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சர் படபடவென்று வெடிக்க வேண்டுமாம். வேகம் தருகிறேன், சத்தத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பெரிய கொள்கைக்காரன் என்று கிண்டல் செய்வார்கள். கொள்கையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் நான் அடித்த கூத்துதான் காரணம்.

எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற வழி, எரிந்த புகை வெளியேறுகிற வழி, இந்த இரண்டையும் இழைத்துச் சீராக்குவது என் தொழில். கம்பெனியில் வார்த்து வருகிற மேனிஃபோல்டு என்கிற குழாய்க்குள் விரலை விட்டால் சொரசொரவென்று இருக்கும். எஞ்சின் ஹெட்டோடு அது சேருகிற இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு படி நிற்கும். காற்று அங்கே முட்டிக்கொண்டு தயங்கும். சின்னக் கிரைண்டரால் அந்தப் படியைத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பேன். படி எங்கே இருந்தது என்று விரலுக்கே மறந்துபோகிறவரை விடமாட்டேன். "என் கன்னத்தக்கூட நீக இம்புட்டு நேரம் தடவுனதில்ல" என்பாள் என் மனைவி. உண்மைதான்.

அவளுக்கு வேலை நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில். காலையில் வேனில் போவாள், மாலையில் வேனில் வருவாள். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. இடையில் இருக்கிற அத்தனை மணி நேரமும் அவள் எங்களுக்கு இல்லாதவள் மாதிரிதான்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மனைவியின் அம்மா, என் அத்தை, எங்களோடு இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் மாப்பிள்ளைக்கு முன்னால் உட்காரமாட்டார், நேருக்கு நேர் பேசவும் மாட்டார். "மாப்பிள்ளய சாப்பிட வரச் சொல்லுத்தா" என்று மகளிடம் சொல்வார். மகள் இல்லாத நாளில் அதையே சுவரிடம் சொல்வார். சுவர் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் சோறு ஆறியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் சொந்த பைக்கைப் பிரித்து, புகை போகிற வழியை இழைத்து முடித்திருந்தேன். ஹெட்டும் சைலன்சருக்குப் போகிற பெண்ட் குழாயும் சேருகிற இடத்தில் ஒரு செம்பு வளையம் வைத்து முடுக்க வேண்டும். மதுரையிலிருந்து வரவேண்டிய வளையம் வரவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சுவரில் பார்த்தேன், போன வருடக் காலண்டர் தொங்கியது.

காலண்டர் அச்சடிக்கிற எங்கள் ஊரில் அதன் அட்டைக்குப் பஞ்சம் இல்லை. விசிறவும் அதுதான், தோசை மாவை மூடவும் அதுதான். பெட்ரோல் போகிற பக்கத்தில் அவசரத்துக்கு அதை வெட்டி வைத்து நானே பல வண்டிகளை ஓட்டியிருக்கிறேன். புகைப் பக்கம் நெருப்பு, அங்கே அட்டை நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். ஒரு ரவுண்டுதானே என்று நினைத்தேன். அதிலும் அட்டையில் இருந்த லட்சுமி படத்தின் முகத்தில் கத்தரி பட்டுவிடக் கூடாது என்று ஓரமாகப் பார்த்துப் பயபக்தியோடு வெட்டினேன்.

முதல் இரண்டு தெரு வண்டி வெண்ணெயாகப் போனது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அட்டை கருகி உதிர்ந்து, அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தது. திரும்பலாம் என்று ஆக்ஸிலேட்டரை விட்டேன். டமார் என்றது. அடுத்து இன்னொன்று.

வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். எந்தத் திசையில் புகை எழும்புகிறது, அந்தப் பக்கம் நம் ஆள் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நான் தெருவுக்குள் நுழைந்தபோது அப்படித்தான் எல்லோரும் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"ஏ தம்பி, ஒங்க அத்த கம்பெனிப் பக்கம் ஓடுறாக! சொல்லச் சொல்லக் கேக்காம ஓடுறாக!"

அத்தை வானத்தைப் பார்க்கமாட்டார். அவருடைய தங்கை ஒருநாள் காலையில் தூக்குவாளியோடு பட்டாசு வேலைக்குப் போனவர்தான், திரும்பவில்லை. அன்றைக்கு அத்தை புகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாராம். அதற்காக இன்றுவரை தன்னை மன்னிக்காமல் இருக்கிறார்.

வண்டியைத் திருப்பினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல், தாரோட்டில் அத்தை ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொல்லலாம் என்று வேகத்தைக் குறைத்தேன். டமார். திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னும் வேகமாக ஓடினார். மறுபடி நெருங்கினேன், மறுபடி டமார். "அத்தை, என் வண்டி! என் வண்டி!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பன்னிரண்டு வருடமாக என்னோடு பேசாதவரை நான் வெடி வைத்து விரட்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் எஞ்சினை அணைத்து, வண்டியைக் கருவேல மரத்தடியில் போட்டுவிட்டு நானும் ஓடினேன். கிரைண்டர் முன்னால் உட்கார்ந்தே வளர்ந்த தொப்பை. பாதி தூரத்திலேயே கண் இருட்டியது. அத்தை கேட்டை எட்டிவிட்டார்.

அங்கே நடந்ததை வாட்ச்மேன் பிறகு சொன்னார். "உள்ள ஒண்ணும் ஆகல தாயி, எல்லாரும் நல்லா இருக்காக" என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். மகள் முகத்தைக் காட்டு என்று அத்தை கேட் கம்பியை விடவில்லை. போர்மேன் இரக்கப்பட்டு என் மனைவியை வெளியே அனுப்பியிருக்கிறார்.

உள்ளே பட்டாசுக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தவளுக்கும் வெடிச்சத்தம் கேட்டிருந்தது. சத்தம் எங்கள் வீட்டுத் திசையிலிருந்து வந்திருந்தது. இப்போது அந்தத் திசையிலிருந்து அம்மா தலைவிரிகோலமாக, வெறுங்காலோடு, பேச மூச்சில்லாமல் வந்து நிற்கிறார். அவள் வேறு எதை நினைப்பாள்?

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மகள் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்ட அத்தை, அவள் ஏன் உட்கார்ந்துவிட்டாள் என்று புரியாமல் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "அவருக்கு என்னாச்சும்மா, சொல்லும்மா" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அத்தைதான் முதலில் என்னைப் பார்த்தார். சுவரைத் தேடவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"மாப்பிள்ள, இங்கன வாங்க. இவ முன்னால வந்து நில்லுங்க."

போய் நின்றேன். மனைவி எழுந்தாள். என் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், கரியும் கிரீஸுமான என் கையில் அவள் கண் நின்றது.

"வண்டிச் சத்தமா?"

தலையை ஆட்டினேன்.

அவள் கையெல்லாம் வெடிமருந்து. அந்தக் கையால் யாரையும் தொடக் கூடாது என்பது அவள் வேலையின் முதல் பாடம். இரண்டு கையையும் விலக்கி நீட்டிக்கொண்டு, முழங்கையால் என் நெஞ்சில் ஓங்கி இடித்தாள். இடித்த முழங்கையை எடுக்காமல், என் நெஞ்சு அடித்துக்கொள்வது நிதானத்துக்கு வரும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.