கொதித்துப்போன குட்டிப் போத்தல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குணபாலன் வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு கோப்பை வந்தது. தேநீர் என்று நினைத்து வாயில் வைத்தேன். புளித்தது, இனித்தது, இஞ்சி உறைத்தது, நடுவில் கட்டி கட்டியாய் ஏதோ மிதந்தது…

“குடியுங்கோ அண்ணை, வயித்துக்கு நல்லது” என்றான் குணபாலன். அவன் கையிலும் அதே கோப்பை. முகத்திலோ நன்மையின் அறிகுறி எதுவும் இல்லை.

குணபாலன் இங்கே ஜேர்மனியில், எசன் நகரில் எனக்கு அடுத்த தெருக்காரன். பதினொரு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியவன். இரவிரவாய்ப் படித்து, பஸ் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து, நகர பஸ்ஸில் சாரதியாகிவிட்டான். ஆனால் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்துத்தானா கடைவாய்ப் பல் வீங்க வேண்டும்? வைத்தியர் அன்டிபயோட்டிக் கொடுத்தார். பல் அடங்கியது. வயிறு எழும்பியது!

அலுவலகத்தில் இருப்பவருக்கு வயிறு குழம்பினால் எழுந்து போகலாம். ஐம்பது பேரைப் பின்னால் ஏற்றி வைத்திருப்பவன் எங்கே போவது?

“போன கிழமை பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு ஒரு பேக்கரிக்குள்ளை ஓடினனான் அண்ணை. திரும்பி வாறன், ஒரு மனிசி மணிக்கூட்டைக் காட்டிக் கத்துறா, டொக்டரைப் பாக்கிற தன்ரை டெர்மின் போச்சாம். முறைப்பாடும் குடுத்திட்டா. இன்னொரு முறைப்பாடு போச்செண்டால் நான் திரும்பவும் கோப்பை கழுவத்தான்.”

“டொக்டர் என்ன சொல்லுறார்?”

“குடலுக்குள்ளை நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கிலை இருக்காம் அண்ணை. செமிக்கப்பண்ணுறது, கெட்டதை அண்டவிடாமல் பாக்கிறது எல்லாம் அதுகள்தானாம். இந்த மருந்து வந்து விசா உள்ளவன், இல்லாதவன் எண்டு பாக்காமல் எல்லாரையும் பிடிச்சுப் பிளேனிலை ஏத்திப்போட்டுது. இனிப் புதுசாய்க் குடியேத்த வேணுமாம்.”

அந்தக் குடியேறிகள்தான் புறோபயோட்டிக் பாக்டீரியா. இப்போது தொலைக்காட்சியைத் திறந்தால் விளம்பரத்தில் வருகிறதே, புளித்த பால் அடைத்த, ஒரு மிடறில் முடிந்துபோகும் குட்டிப் போத்தல்… அதற்குள் உயிரோடு இருக்கின்றனவாம். தினம் ஒன்று குடிக்கச் சொல்லியிருக்கிறார். பத்து நாளாகக் குடிக்கிறான்; என் கோப்பையில் இருந்ததும் அதுதான். பலன்? பூச்சியம்.

“அது சரி, இது ஏன் இப்பிடிச் சுடுது?” என்று கேட்டேன்.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி வதனி பதில் சொன்னாள். “பிரிட்ஜிலை இருந்து எடுத்து அப்பிடியே குடிச்சால் நெஞ்சிலை சளி கட்டாதே அண்ணை? அதுவும் இந்தக் குளிருக்கை! நல்லாக் கொதிக்கவைச்சு, இஞ்சியும் தட்டிப் போட்டுத்தான் குடுக்கிறன். திரிஞ்சுதான் போகுது. அதுக்கு என்ன செய்யேலும்?”

நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன் — துளி சந்தேகம் வரவில்லை! எங்கள் வீடுகளில் குளிர்ந்தது எதுவும் சுடாமல் தொண்டைக்குள் இறங்காதே. பிள்ளைக்குக் கோலாவைச் சுடவைத்துக் கொடுத்த தாய் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

வதனி தயிருக்குப் பால் காய்ச்சி இறக்கி வைத்திருந்தாள். ஆறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இராதே… “என்ன பிள்ளை, பாலுக்குக் காய்ச்சல் பாக்கிறியோ?”

“இல்லை அண்ணை, சூட்டோடை உறைமோரை விட்டால் அது செத்துப்போம். பிறகு தயிர் எங்கை உறையிறது…”

சொன்னவள் அப்படியே நின்றாள். விரல் இன்னும் பாலுக்குள். கண் அடுப்பிலிருந்த இஞ்சிச் சட்டிக்குப் போனது. நானும் பார்த்தேன். குணபாலன் தன் கோப்பையைப் பார்த்தான்.

“அடியேய்! பத்து நாளாய் என்ரை வயித்துக்குள்ளை செத்தவீடு நடத்தியிருக்கிறாய்!”

வதனி முதலில் விழித்தாள். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். அவனாலும் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

பேச்சுவார்த்தை அரை மணி நேரம் நடந்தது. போத்தலைச் சுடவைப்பதில்லை, ஆனால் குடிக்குமுன் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துக் குளிர் விடவைப்பது — அதற்குமேல் வதனி இறங்கிவரவில்லை. மத்தியானம் வீட்டுத் தயிரும் உண்டு.

ஒரு கிழமையில் வயிறு அடங்கியது. போத்தல் என்றான் அவன். தயிர் என்றாள் அவள். நாள் போனால் தானாகவும் சரிவருவதுண்டு என்றாராம் டொக்டர். யார் சொன்னது சரியோ, பேக்கரிப் பக்கம் அவன் பிறகு ஓடவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். தினமும் விரலால் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய அதே உயிரை, ஜேர்மன் எழுத்து ஒட்டிய போத்தலில் வந்ததும் நமக்கு அடையாளம் தெரியாமல் போகிறதே… கடையில் வாங்கியது என்றால் நம் அறிவையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறோமா?

நேற்று சோதனைக் காலத்தின் கடைசி நாள். அவன் பஸ்ஸில் கடைசித் தரிப்பிடம்வரை போனேன். குணபாலன் இறங்கினான் — ஓடவில்லை, ஆறுதலாய் நடந்து வந்தான். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். நிரந்தர வேலைக்கான கடிதம்!

கை குலுக்கப் போனேன். அதற்குள் தும்மினான். ஒன்றல்ல, மூன்று.

“அண்ணை… இதை மட்டும் வதனிக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

நான் ஏன் சொல்லப்போகிறேன்? அவள்தான் இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவளாயிற்றே!