ஒரு காதில் ஏழுகல் தோடு

ரவிக்கைக் கை ஏறும், இறங்கும். நான் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கிய காலத்தில் அது முழங்கை வரைக்கும் இருந்தது. அப்புறம் பஃப் வைக்கச் சொன்னார்கள். பஃப் போனது, கையே வேண்டாம் என்றார்கள், இப்போது மறுபடியும் பஃப் கேட்கிறார்கள். முதுகுக்குக் கயிறு, கயிற்றுக்குக் குஞ்சம், குஞ்சத்துக்கு மணி. "ஏஞ்சாமி, முதுகுல மணியக் கட்டிக்கிட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போனா மாடெல்லாம் உம்பின்னாடியே வந்துராதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தைத்துக் கொடுப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் என்னிடம்தான் வருவார்கள். மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டில் எங்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்துத் தையல்காரி நான் ஒருத்திதான். அவர்களுக்கும் வேறு போக்கில்லை.

இத்தனை வருஷத்தில் மாறாமல் நின்றது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். அரக்கில் மஞ்சள் கரை வைத்த பட்டு. கை நிறையக் கண்ணாடி வளையல். காதில் ஏழுகல் தோடு. நடுவில் ஒரு சிவப்புக் கல், சுற்றி ஆறு. உருண்டை முகத்துக்கும் பொருந்தும், நீள முகத்துக்கும் பொருந்தும், அழுது வீங்கிய முகத்துக்கும் பொருந்தும். கடைசியில் சொன்னதை, என் கல்யாணத்தில் இரவல் தோடு போட்டுக்கொண்டு என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அரக்குப் பட்டு என்னிடம் உண்டு, என் கல்யாணச் சேலை. ஏழுகல் தோடு இல்லை. அது அக்காவிடம் இருந்தது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் கணவரின் அண்ணன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம்தான். நான் மெஷினில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் என் மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலை பின்னி வளர்த்தது அவள்தான். அந்தத் தோடு அவளுக்கு அவளுடைய அம்மா போட்டுவிட்டது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

மகளுக்கு நிச்சயம் வந்தது. அவளுக்கு எதுவும் பிடிக்காது என்று பயந்துகொண்டிருந்தேன். போனில் பார்த்துப் பார்த்துக் கவரிங் நகையாக வாங்கிக் குவிக்கிற பெண். அவளோ, "அம்மா, உங்க அரக்குப் பட்டு, பெரியம்மாவோட தோடு. இது ரெண்டும் போதும். இப்ப எல்லாரும் இதுதான் போடறாங்க," என்றாள். ஆகா, நாங்கள் எப்போதும் போட்டுக்கொண்டிருப்பதை இவர்கள் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்! அக்காவிடம் கேட்கக்கூட இல்லை. காதில் விழுந்த உடனே திருகாணியைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதே என்று துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை ஒடித்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள். எங்கள் பக்கம் தோடு இல்லாத காதுக்கு அதுதான் தோடு.

நிச்சயம் நன்றாக நடந்தது. அரக்குப் பட்டில் என் மகளைப் பார்த்து எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் கிளம்பும்போது பொழுது சாய்ந்து விளக்கும் ஏற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேறு. விளக்கு வைத்தபிறகு பொன்னை வீட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்பது எங்களிடம் பழக்கம். காலையில் கொடுத்துவிடலாம் என்று தோட்டைக் காலண்டர் தாளில் மடித்தேன். வீடு நிறைய விருந்தாளி. எங்கே வைப்பது? இங்கே எல்லாரும் வைக்கிற இடத்தில் வைத்தேன், மிளகு மூட்டைக்குள். மிளகுக்குள் எலி வராது, எவனும் கை விடவும் மாட்டான். காலையில் மூட்டை தெரிய வேண்டுமே என்று மெஷினடியில் கிடந்த சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்து வாயைக் கட்டினேன்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. காய்ந்து புடைத்து விற்கத் தயாரான மூட்டைக்குச் சிவப்புத் துணி, இன்னும் காய வேண்டியதற்கு வெறும் கயிறு. எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்.

சனிக்கிழமை காலை இரவல் வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மூட்டை இல்லை.

"ஏனுங்க, இங்கிருந்த மூட்டை எங்கீங்க?"

"சோளக்காட்டுச் சந்தைக்கு ஜீப்புல ஏத்தி உட்டாச்சு. சிவப்புத் துணி கட்டியிருந்துச்சல்ல?"

வீட்டுக்காரரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். அந்த மனுஷன் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "சட்டம் உன்னுதுதானே," என்று மட்டும் சொன்னார். அது இன்னும் எரிந்தது, உண்மையாக இருந்ததால்.

சோளக்காட்டுக்கு ஓடினேன். வியாபாரி கையை விரித்தார். மூட்டைகள் அப்போதே லாரியில் மலையிறங்கிச் சேந்தமங்கலம் போய்விட்டன. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். எழுபது வளைவும் இறங்கி முடிப்பதற்குள் மலைமேல் இருக்கிற சாமி ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டேன். குடோனில் போய் நின்றால், எங்கள் மூட்டை, அடுத்தவர் மூட்டை எல்லாவற்றையும் அவிழ்த்து ஒரே குவியலாகக் கொட்டியிருந்தார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். மிளகுத் தூசிக்காகத் தலை, காது, மூக்கு எல்லாம் மூடித் துண்டு கட்டியிருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்தது. குவியலைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அவர்களில் ஒருத்தி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். ஒல்லியானவள், கையில் பச்சைக் கண்ணாடி வளையல். "அழுவாதீங்க்கா. மொளகுக்குள்ள போனது மொளகோடதானே இருக்கும்? எங்க போயிரும்?" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் யாரும் தூக்குப்போசியைத் திறக்கவில்லை. எல்லாரும் எனக்காகச் சலித்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள். என்னோடு சேர்ந்து தும்மித் தும்மித் தேடினார்கள். பச்சை வளையல்காரிதான் முதலில் கிழிந்த காலண்டர் தாளை எடுத்தாள், பிறகு பக்கத்திலேயே ஒரு தோட்டை. ஒன்றுதான். இன்னொன்று அகப்படவில்லை.

அப்போது பார்த்து மேற்பார்வை பார்க்கிற மேஸ்திரி வந்தார். "நெசமாலுமே ரெண்டையும் போட்டீங்களா? ஒண்ண ஊட்டுலயே வெச்சுட்டு இங்க வந்து வேலையக் கெடுக்கறீங்களா?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "உங்க குடோனும் வேண்டாம், உங்க மொளகும் வேண்டாம்" என்று ஆரம்பித்து அவரைப் பெற்றவர்கள் வரைக்கும் விசாரித்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். பாதி மலை ஏறிய பிறகுதான் உறைத்தது, பேரும் சொல்லவில்லை, போன் நம்பரும் கொடுக்கவில்லை. திரும்பிப் போக முகம் இல்லை. நல்லா இருக்கு என் கோபம்!

அக்காவிடம் எப்படிச் சொல்வது? பொய் சொன்னேன். ஒரு கல் ஆடுகிறது, சேந்தமங்கலத்தில் ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்றேன். "செரி கண்ணு" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாளும் கேட்கவில்லை, அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. மரவள்ளி பிடுங்கப் போனாள், வந்தாள், குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், காதில் இரண்டு ஈர்க்குச்சியோடு. அந்தக் குச்சியைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போட்டுக்கொள்ள வேறு தோடா இல்லை அவளிடம்? என்னைக் குத்திக் காட்டத்தான் இப்படித் திரிகிறாள் என்றுகூட நினைத்தேன். குற்றம் செய்தவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது.

எட்டாம் நாள் வெடித்துவிட்டேன். பலாமரத்தடியில் மறித்துக்கொண்டு, "ஏனுங்க்கா, தோடு எங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? இப்படிக் கேக்காமயே என்னைக் கொல்றீங்களே!" என்று கத்தினேன்.

அக்கா கூடையை இறக்கி வைத்தாள். "இருந்தா நீயே குடுத்திருப்ப சாமி. இல்லாததக் கேட்டா நீ எங்க போவ?"

எல்லாம் தெரிந்திருக்கிறது! என் வீட்டுக்காரர் அன்றைக்கே தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். எட்டு நாளும் தெரிந்துகொண்டேதான் குழம்பு கொண்டுவந்திருக்கிறாள். நான் அழுத அழுகையில் மகள் வெளியே ஓடிவந்தாள். உள்ளே போய் அந்த ஒற்றைத் தோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா வலது காதுக் குச்சியைப் பிடுங்கிவிட்டுத் தோட்டைப் போட்டாள். இடது காதில் குச்சியை அப்படியே விட்டுவிட்டாள். என் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "இது சோடி இருக்கறது. வேறதப் போட்டா அது வர்றப்ப எடமில்லாமப் போயிரும்," என்றாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாசியிலிருந்து ஆடி வரைக்கும் அப்படியே இருந்தாள். கல்யாணம், கருமாதி, சந்தை, எல்லா இடத்துக்கும் ஒரு காதில் ஏழுகல் தோடு, மறு காதில் ஈர்க்குச்சி. "என்னுங்க அது, புது மாடலா?" என்று கேலி பேசினார்கள். "இன்னொண்ணு சேந்தமங்கலம் போயிருக்குது. வந்துரும்," என்பாள். யார் தொலைத்தது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. நான்தான் வெட்கத்தில் கூனிக்குறுகிப் பக்கத்தில் நிற்பேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் கீழ்நாட்டிலிருந்து சனம் பஸ் பஸ்ஸாக மலைக்கு வரும். அன்றைக்கு நானும் அக்காவும் சோளக்காட்டில் பலாச்சுளை விற்க உட்கார்ந்திருந்தோம். நான் டீ வாங்கப் போய்விட்டுத் திரும்புகிறேன், யாரோ ஒருத்தி குனிந்து அக்காவின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "யாருடி அவ, காதப் புடிக்கறவ!" என்று டீயோடு பாய்ந்தேன். அவள் நிமிர்ந்தாள். முகம் பிடிபடவில்லை. கையில் பச்சைக் கண்ணாடி வளையல்.

அவளுடைய உள்ளங்கையில் தோடு இருந்தது. அக்காவின் வலது காதோடு ஒட்டிப் பிடித்துச் சோடி சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆனி மாசம் கழிவுத் தூசியத் தூத்தறப்பக் கெடச்சுதுங்க்கா. அந்த மேஸ்திரிகிட்டக் குடுக்க மனசில்ல. உங்க பேரும் தெரியல, ஊரும் தெரியல. ஆடிக்கு மலைக்குப் போறவங்களோட வந்து கேட்டுப் பாக்கலாம்னு முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன். பஸ்ஸ உட்டு எறங்குனா, இவங்க காதுல இதே தோடு, ஒண்ணே ஒண்ணு!"

அக்கா இடது காதுக் குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "நாந்தான் சொன்னேனே, வந்துரும்னு," என்றாள். அப்புறம்தான் அவளுக்கும் கண் கலங்கியது. நான் வளையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ உளறினேன். நல்லா இருப்ப, உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கும் என்று எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தை அத்தனையும் சொன்னேன். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். குடோனில் துண்டு மறைத்திருந்தது. அவளுடைய இரண்டு காதிலும் ஈர்க்குச்சி.

"உன்ற தோடு எங்க கண்ணு?" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பலாமரத்தடியில் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. என் வாழ்க்கையில் அப்படி விழுங்கிய கேள்வி அது ஒன்றுதான். ஒரு டீயை அவள் கையில் கொடுத்தேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டேன். "ஆவணியில எம்மக கல்யாணம். நீ வராம தாலி ஏறாது, சொல்லிப்புட்டேன்," என்றேன்.

வந்தாள். நான் தைத்து அனுப்பிய அரக்கு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்தாள். முழங்கை வரைக்கும் கை, கயிறு கிடையாது, மணி கிடையாது. எடுப்பாக இருந்தது. இரண்டு தோட்டையும் அக்கா மறுபடியும் என் மகள் காதில் போட்டு அனுப்பியிருந்தாள், இந்தத் தடவையும் கேட்காமலே. மண்டபத்தில் மினுக்காத காது இல்லை. முன் வரிசையில் மட்டும் அக்காவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு காதிலும் ஈர்க்குச்சி.

மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் குனிந்து கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிங்களா?"

"ஆமாங்க," என்றாள் அக்கா. "இவ சின்னவ."