உள்ளே என்று நினைத்தால் மேலே வரும்!

போன வருடம் ஆடி மாதம். ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பென்னலூரில் தோழி ஒருத்தியோடு வாடகை அறை. அதற்கு முந்தைய வருடம் ஷிப்ட் முடிந்து வரும்போது ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே ஒரு நரம்பு போய்விட்டது. எலும்பு கூடிவிட்டது. பாதம் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. நடந்தால் கட்டைவிரல் தரையில் இடறும், செருப்பு கழன்று பின்னால் கிடக்கும்.

அந்த நரம்பு இனி பிழைக்காது என்றானதும் டாக்டர் வேறொரு ஆபரேஷன் செய்தார். பாதத்தை உள்பக்கமாகத் திருப்புகிற தசையின் நாரை எடுத்து, பாதத்தின் மேல்பக்கம் கொண்டுவந்து தைத்தார். இனி அதுதான் பாதத்தைத் தூக்க வேண்டுமாம்.

மாவுக்கட்டு பிரித்ததும் ஸ்ரீபெரும்புதூரில் பிசியோதெரபி. முதல் நாளே பயிற்சி கொடுக்கிற மேடம் குழப்பிவிட்டார்.

"மேல தூக்கணும்னு நெனைக்காதம்மா. உள்ள திருப்பணும்னு நெனை."

"உள்ளயா, மேலயா மேடம்?"

"நெனைக்கிறது உள்ள. வர்றது மேல."

உள்ளே என்று நினைத்தேன். தொடை இறுகியது, இடுப்பு எழும்பியது, பல்லைக்கூடக் கடித்தேன். பாதம் மட்டும் யாருடையதோ போலக் கிடந்தது. "இன்னாமா, எல்லாத்தையும் ஆட்றே, அத மட்டும் வுட்டுட்டியே!" என்று மேடம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளாக ஆக, குழப்பம் நல்ல காலுக்கும் பரவியது. படியேறப் போனால் எந்தக் காலை எந்தப் பக்கம் நினைப்பது என்று பாதியில் நின்றுவிடுவேன். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போம்மா, உள்ள போ" என்று கத்தியபோது, நான் குனிந்து என் பாதத்தைப் பார்த்தேன்.

தீபாவளிக்குள் நின்று வேலை பார்க்க முடிந்தால் வரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து அப்பா, "போதும்ளா, இங்க வந்துரு" என்று தினமும் போன் செய்தார். போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோழி என் எதிரே உட்கார்ந்து உற்சாகப்படுத்த ஆரம்பித்தாள். "தூக்குடி! மேல! மேல!"

"மேலன்னு சொல்லாத! உள்ள!"

"உள்ளன்னா எங்கடி? எம் பக்கமா, ஒம் பக்கமா?"

எனக்கே தெரியவில்லை. "நீ முயற்சியே பண்ண மாட்டேங்குற" என்று சலித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது எனக்கு. அழுதுவிட்டேன்.

அவள் பக்கத்தில் நகர்ந்து, என் கட்டைவிரலுக்கு உள்பக்கமாக உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "மேலயும் வேணாம், உள்ளயும் வேணாம். என் கையத் தள்ளு."

தள்ளினேன். பாதத்தின் மேல் தோலுக்கடியில் ஒரு கயிறு விண்ணென்று எழும்பியது. பாதம் கொஞ்சம் மேலே வந்தது.

அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சந்தேகத்தோடு கேட்டேன், "நீ தூக்குனியா?"

"நான் எங்கடி தூக்குனேன்? நீதான்!"

"நானா?"

மறுபடி தள்ளினேன். மறுபடி வந்தது. மகிழ்ச்சியைவிடத் திகைப்புதான் அதிகம். நான் பக்கவாட்டில் தள்ளுகிறேன், அது மேலே போகிறது!

மறுநாள் மேடத்திடம் செய்து காட்டினேன். "அதத்தானம்மா நானும் இத்தன நாளா சொல்லிக்கினு இருக்கேன்!" என்றார். உண்மைதான், அதையேதான் சொல்லியிருக்கிறார். என் காதுவரை வந்த அந்தச் சொல் காலுக்குப் போகவே இல்லை.

அப்புறம் கை வைத்துப் பழகி, பிறகு கை இல்லாமல் பழகி, தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனி லைனில் போய் நின்றேன். களைத்துப்போனால் லேசாக விந்தி நடப்பேன், அவ்வளவுதான். இன்றைக்கும் நடக்கும்போது உள்ளே என்று நினைக்கிறேனா, மேலே என்று நினைக்கிறேனா, தெரியாது. யோசித்தால் இடறிவிடுவேன்.

புதிதாகச் சேர்ந்த பெண்கள் வேலை வராமல் விழிக்கும்போது, "ஒழுங்கா முயற்சி பண்ணு" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. உயிரைக் கொடுத்து முயன்றுகொண்டிருந்தும், எந்தப் பக்கம் முயல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவள்தானே நான்.