ஓர் ஆரஞ்சு உரிக்கும் நேரம்

பல்லுக்காரரின் பட்டறைக்குள் நுழைந்தால் யாரோ சிரித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். மேசை ஓரமாக, மெழுகில் பதித்த மேல்வரிசைகளும் கீழ்வரிசைகளும் ஜன்னல் வெளிச்சத்தில் காய்ந்துகொண்டிருக்கும். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புகிற அச்சுகளுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வாய்க்கு உரியவர்களை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அச்சை விரலால் தடவியே, இவர் இடது பக்கமாக மட்டும் மெல்லுகிறவர், இவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர் என்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல மாட்டார் என்பதுதான் விஷயம்.

"ஊரு வாய்க்கெல்லாம் பல்லு கட்டறார். இவரு வாயைத் திறக்க மட்டும் தனியா ஒரு ஆள் வெக்கணும்" என்பாள் அவர் மனைவி. வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், உதடு பிரியாமல்.

அந்த வாயை முன்பு ஒருவர் சுலபமாகத் திறந்து வைத்திருந்தார். மனைவியின் அக்காவைக் கட்டியவர், லிஃப்ட் மெக்கானிக். சகலை.

இரண்டு தம்பதிகளும் கல்யாணமான புதிதில் ஒரே வீட்டை நடுவில் மரப்பலகை வைத்துத் தடுத்துக் குடியிருந்தார்கள். அக்கா தங்கைக்குள் பேச்சு பலகையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். சகலைகள் இரண்டு பேரும் படியில் எதிர்ப்பட்டால் "என்ன, கிளம்பிட்டீங்களா" என்பதோடு சரி. ஒருவருக்கு எந்திரம், ஒருவருக்குப் பல். ஒட்டுவதற்கு எதுவுமில்லை. அப்புறம்தான் மெக்கானிக் ஓர் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் ஓர் ஆட்டம் இருந்தது.

ஐந்து ராஜ்ஜியங்கள். இரண்டு இவர்களுக்கு, மூன்று கணினிக்கு. ஆளுக்கொரு முறை: படையை நகர்த்தலாம், கோட்டை கட்டலாம், வயலை உழலாம். பச்சைப் புல்வெளி, அதன் விளிம்பில் இன்னும் போய்ப் பார்க்காத இடமெல்லாம் கறுப்பு மூட்டம். சகலையின் கை கெட்டி. கோட்டை வாசலில் காவல் போடாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். பட்டறையில் அத்தனை பொறுமையான பல்லுக்காரரோ ஆட்டத்தில் தலைதெறிக்க ஓடுகிற ஆள். மூட்டத்துக்குள் குதிரையை விட்டுவிட்டுத்தான் அங்கே என்ன இருக்கிறது என்று யோசிப்பார்.

"சகல, உன்னைய நம்பி ஒரு கோழிக்கூண்டைக் கூடக் குடுக்கக் கூடாது."

"கூண்டைக் காவல் காத்துக்கிட்டே கெழவனாகுங்க, சகல."

இரண்டு பேரும் தங்கள் முறையை முடித்ததும் திரையில் மணல் கடிகாரம் வந்து நிற்கும். மூன்று ராஜாக்களும் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கணினிக்கு மூச்சிரைப்பு. பெட்டிக்குள் கரகரவென்று எதையோ அரைக்கும், நிறுத்தும், மறுபடி அரைக்கும். சகலை ஓர் ஆரஞ்சை எடுத்துக்கொள்வார். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து, நாரெல்லாம் எடுத்து, பாதியை இவர் பக்கம் நீட்டுவார். கடைசிச் சுளையின் விதையைத் துப்பும்போது கடிகாரம் மறைந்திருக்கும், ஏதோ ஓர் எல்லையில் புதிதாக ஒரு கொடி பறந்துகொண்டிருக்கும்.

அந்த இடைவெளியில்தான் இருவரும் பேசினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பட்டறையைத் தனியாகத் தொடங்கப் பயமாக இருக்கிறது என்று பல்லுக்காரர் சொன்னது ஓர் ஆரஞ்சு நேரத்தில். தன் அப்பாவிடம் கடைசிவரை பேசாமலே விட்டுவிட்டதைச் சகலை சொன்னதும், சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தோலு கண்ணுல தெறிச்சிருச்சு" என்றதும் இன்னோர் ஆரஞ்சு நேரத்தில். இப்போது நினைத்தால், அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாமே ஒரே நீண்ட பிற்பகலாகவும், வெளியே எப்போதும் மழை பெய்ததாகவும், விரல் நுனியில் ஆரஞ்சு மணம் போகாமலே இருந்ததாகவும் அவருக்குத் தோன்றும்.

பிறகு பிள்ளைகள், தனித்தனி வீடுகள். கணினி பழைய இரும்போடு போயிற்று. ஆட்டம் இருந்த குறுந்தட்டு மட்டும் பல்லுக்காரரின் பிஸ்கட் டின்னில் தங்கிவிட்டது.

போன வருடம் அக்கா போய்ச் சேர்ந்தாள். இந்த மாதம் சகலை போன் செய்து, வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். விமானம் ஏறிப் போகிற தூரம்.

"எதுக்கு அத்தான் அவ்வளவு தூரம்? இங்க பக்கத்து ரூம் சும்மாதான் கெடக்கு, வந்து இருங்க" என்றாள் பல்லுக்காரரின் மனைவி.

ஸ்பீக்கரில் சகலை சிரித்தார். "உங்க அக்கா இருந்த வரைக்கும் நான் சகலை. இப்ப யாரு? விருந்தாளிதானேம்மா."

போனை வைத்துவிட்டு அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நான் கூப்பிட்டா மரியாதைக்குக் கூப்பிடறேன்னு நெனைப்பார். நீங்க கேளுங்க. நீங்க வாயைத் திறந்து ஒண்ணு கேட்டா அது நெசம்னு அவருக்குத் தெரியும்."

கேட்பதாகத் தலையாட்டினார். விருந்தாளி என்ற அந்தச் சொல் அவருக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. மெழுகை உருக்கும்போது பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. ஆனால் எதிரில் சகலையின் முகத்தை வைத்துப் பார்த்தால் உடனே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

மடிக்கணினியில் தட்டுப் போட வாயே இல்லை. கணினிக் கடையில் கொடுத்து, உள்ளிருந்ததை நகலெடுத்து வந்தார். போட்டால் திரை கறுத்துப் போய், 'இது இங்கே ஓடாது' என்று ஒரு வரி. இணையத்தில் தேடினால் இந்த ஆட்டத்துக்கென்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருந்தது. புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினி இருப்பது போல நடிக்கிற மென்பொருள் ஒன்றை அவர்கள் கைகாட்டினார்கள். பட்டறை வேலை முடிந்த பொழுதுகளில் அவர் அதோடு மல்லுக்கட்டினார். ஒரு நாள் கறுப்பு விலகிப் பச்சைப் புல்வெளி வந்தது. ஆட்டம் தொடங்குகிற எக்காளச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்த மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "இது நம்ம பழைய வீட்டுச் சத்தமாச்சே" என்றாள். சற்று நேரம் இருவருமே அந்த மரப்பலகைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்கள்.

சகலை சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. மடிக்கணினியோடு இணைத்திருந்த பெரிய திரையில் ஆட்டத்தைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. "அடப்பாவி, இது எங்கடா கெடச்சது?"

உட்கார்ந்தார்கள். சகலை காவல் போட்டார், இவர் குதிரையை விட்டார். முறையை முடித்துச் சொடுக்கினார். சொடுக்கிய விரலை எடுப்பதற்குள் மறுபடி சகலையின் முறை. எல்லையில் கொடி ஏற்கெனவே மாறியிருந்தது. மறுபடி காவல், மறுபடி குதிரை, சொடுக்கு, அவர் முறை. பருவங்கள் சீட்டுக் கட்டைப் பிரிப்பது போலப் பறந்தன. ஒரு ராஜ்ஜியம் தழைத்து, பட்டுப்போய், புல் முளைத்துவிட்டது. ஆரஞ்சுகள் தட்டில் அப்படியே இருந்தன.

"நல்லா இருக்கு. ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார் சகலை, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. கிளம்பிவிட்டார்.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"எங்க கேக்கறது? நேரமே கெடைக்கல."

"மத்தியானம் பூரா ஒண்ணாத்தானே உக்காந்திருந்தீங்க!"

அவர் ஆரஞ்சுத் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அதற்குப் பதில் திங்கட்கிழமை பட்டறையில் வந்தது. பிளாஸ்டர் கரைத்து அச்சில் ஊற்றிவிட்டால் அது இறுகும்வரை செய்ய ஒன்றுமில்லை. ஊதினாலும் ஆகாது, தட்டினாலும் ஆகாது. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு மனசுக்குள் பேச்சு வரும். அன்றும் ஈரப் பிளாஸ்டரைப் பார்த்தபடி சகலையோடு பேசிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். சனிக்கிழமை மணல் கடிகாரம் ஒரு தடவைகூட வரவில்லையே. வந்துதான் இருக்கும், புதுக் கணினியின் வேகத்தில் கண்ணில் படுவதற்குள் போயிருக்கும்.

ஆட்டத்தை எப்படி மெதுவாக்குவது என்று இணையக் கூட்டத்தில் கேட்டார். எங்கெங்கிருந்தோ கேலி வந்து விழுந்தது. அவனவன் வேகமாக்கத்தான் படாத பாடு படுகிறான், உனக்கு என்ன வந்தது என்றார் ஒருவர். தூங்கிக்கொண்டே ஆடுவீரா என்றார் இன்னொருவர். கடைசியாக யாரோ ஒருவர், கேலியும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல், எந்த அமைப்பில் எந்த எண்ணைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்.

குறைத்தார். அதிகம் குறைத்ததில் குதிரைகள் சேற்றில் நடப்பது போல நகர்ந்தன. கொஞ்சம் கூட்டினார். கடிகாரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிற்று. பல் செட்டிலும் இப்படித்தான். அச்சில் கச்சிதமாக உட்காருவது வாயில் உறுத்தும். இழையிழையாகத் தேய்த்துத்தான் கொண்டுவர வேண்டும். எவ்வளவு என்பதற்கு அவரிடம் ஓர் அளவு இருந்தது. ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி வந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். சொடுக்குவார், உரிப்பார். சுளை கையில் இருக்கும்போதே கடிகாரம் போய்விட்டால் எண்ணைக் குறைப்பார்.

மனைவி உள்ளே வந்து, மலையாகக் குவிந்த தோலையும் வாய் கொள்ளாமல் மென்றுகொண்டிருந்த புருஷனையும் பார்த்தாள். "சொல்லிட்டாவது சாப்பிடக் கூடாதா? உடம்புக்கு ஏதாவதா?"

"வேகம் பாக்கறேன்."

"எதுல? திங்கறதுலயா?"

அடுத்த சனிக்கிழமை சகலை விடைபெற வந்தார். அக்காவின் தையல் மெஷினையும் தூக்கி வந்திருந்தார். "மகன் வீட்டுல இதுக்கு எடமில்ல. இங்க இருக்கட்டும்" என்று சுவரோரம் வைத்தார். மனைவி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போனாள்.

"ஒரு ஆட்டம்?" என்றார் பல்லுக்காரர்.

"மறுபடியுமா?" தட்ட மனமில்லாமல் சகலை உட்கார்ந்தார்.

காவல், குதிரை, சொடுக்கு. மணல் கடிகாரம் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"என்னடா, உன் கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சிருக்கா?" என்றார் சகலை. கடிகாரத்தையே பார்த்தார். அவர் கை, அவரைக் கேட்காமலே, தட்டுக்குப் போயிற்று. தோல் ஒரே சுருளாக மடியில் இறங்கியது. பாதிப் பழம் இந்தப் பக்கம் வந்தது. எல்லையில் ஒரு கொடி மாறியது.

இரண்டாவது கடிகாரம் வந்தபோது, திரையைப் பார்த்தபடி சகலை சொன்னார்: "வீட்டுல எல்லாக் கதவையும் இன்னும் மெதுவாத்தான் சாத்தறேன், சகல. அவ அசந்து தூங்கறான்னு. யாரும் தூங்கலன்னு தெரியுது. ஆனாலும் கை அப்படித்தான் போகுது."

பல்லுக்காரர் சுளையிலிருந்து நாரை எடுத்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

மூன்றாவது கடிகாரம். மணல் மேலிருந்து கீழே விழுந்து, புரண்டு, மறுபடி விழுந்தது. பல்லுக்காரரின் நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கியது.

"போகாதீங்க, சகல. இங்க வந்து இருங்க. அக்காவுக்காகக் கூப்பிடல. எனக்குப் பேச வேற ஆள் இல்ல."

சகலை வாயில் போட்ட சுளையை மெல்லவில்லை. அதற்குள் கடிகாரம் போய்விட்டது. புல்வெளி வந்தது. சகலையின் முறை. வடக்கு வாசலில் காவல் இல்லை, எதிரிப் படை ஆற்றைத் தாண்டி நிற்கிறது. வாழ்நாளெல்லாம் வாசலைத் திறந்து போடாத மனிதர், ஒரு வீரனையும் நகர்த்தாமல், முறையை முடித்துச் சொடுக்கினார். பல்லுக்காரரும் குதிரைகளை அப்படியே விட்டுவிட்டுச் சொடுக்கினார். கடிகாரம் திரும்பி வந்தது.

"அந்த ரூம் கதவு எப்படி? சத்தம் போடுமா?"

"கிறீச்சுன்னு கத்தும். எண்ணெய் விடணும்."

லிஃப்ட் கிறீச்சென்றால் அதைச் சரிசெய்யாமல் சோற்றில் கை வைக்காத மெக்கானிக், வாயிலிருந்த சுளையை மென்று விழுங்கினார்.

"விடாத. கத்தட்டும்" என்றார். "மகன்கிட்ட என்ன சொல்றதுன்னு பாக்கணும். டிக்கெட் வேற எடுத்துட்டான்."

"ஒரு மாசம் போய் இருந்துட்டு வாங்க."

"அதுக்குள்ள நீ இந்த ராஜ்ஜியத்தைக் குட்டிச்சுவராக்கிடுவ."

"தொட மாட்டேன்."

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்று தெரிந்தது. திரையைக் காட்டி, வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல் கேட்டாள்: "நின்னுபோச்சா?"

"இல்ல, இல்ல" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். சகலை இன்னோர் ஆரஞ்சை எடுத்தார். ஆற்றைத் தாண்டிய படை திறந்த வாசலை நோக்கி மெல்ல, மிக மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தது.