மொட்டை மாடிக்குப் போகும் மண்

தாயில்பட்டிக்கு அருகே பேருந்து பழுதாகி நிற்கிறது. எதிரே, பட்டாசு ஆலை மதிலை ஒட்டி ஒரு கொய்யாத் தோப்பு. எண்ணிப் பார்க்கிறேன்: நாற்பத்தொரு மரங்கள். ஒன்பதில் வேர் வெளியே தெரிகிறது. தோப்புக்கார அம்மா மரத்தடியைத் தோண்டி, மண்ணைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

“மண் யாருக்கும்மா?”

“சிவகாசில மாடித்தோட்டம் போடுறவுகளுக்கு. எங்க பழத்துல வெடிமருந்து படிஞ்சிருக்குன்னு வாங்க மாட்டேங்காக. வீட்டுலயே கொய்யா வச்சுத் திங்கப் போறாகளாம்.”

“இதே தோப்பு மண்ணிலா?”

“மேல்மண்ணு வேண்டாமாம். ஆழத்துல எடுக்கச் சொல்லியிருக்காக.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படித்தவர்கள்தானே இவர்கள்? பழம் விஷமாம், அது காய்த்த மரத்தின் அடிமண் மட்டும் சுத்தமாம். “வேரை அறுத்தால் மரம் பட்டுப்போகுமே, உங்களுக்காவது புத்தி வேண்டாமா?” என்று அந்த அம்மாவிடமே கத்துகிறேன்.

“பழம் வித்தா நான் ஏன்யா தோண்டுறேன்? இந்தாங்க, நீங்க தின்னுங்க.”

ஒரு பழத்தைப் பறித்து என் கையில் வைக்கிறார். வேட்டியில் துடைக்கிறேன். நான்கு முறை துடைத்துவிட்டேன், இன்னும் கடிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போகிறார்.