குழாய் கோக்காத கயிறு

அருவிக்குப் போகும் மலைப்பாதையில், கடைசிச் செங்குத்து ஏற்றத்துக்குக் கைப்பிடியாக ஒரு கம்பிக்கயிறு கட்டியதுதான் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை. மேல்முனையை முந்தின வாரமே அப்பா கட்டியிருந்தார். அன்றைக்குக் கீழ்முனை. பாறையில் அடித்திருந்த இரும்பு வளையத்துக்குள் கயிற்றை நுழைத்து மடக்கி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும்.

"அப்பா, தலைகீழா போடுறீங்க. கிளாம்போட வளைவு, மடக்கின குட்டை முனை மேலதான் உக்காரணும்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கிளாம்ப் போட்டவன் நான்."

"போட்டிருப்பீங்க. இப்ப போடுறது தப்பு."

அப்பா குனிந்து பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. "எஞ்சினியரம்மா கவனிக்கிறாங்களான்னு சோதிச்சேன்," என்று திருப்பிப் போட்டார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவள் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவள். இரண்டு பேரும் ஒரு நட்டைத் தொட்டால் வாக்குவாதம் இல்லாமல் முடியாது. கயிறும் லிஃப்டிலிருந்து கழற்றிப் போட்டதுதான். லிஃப்டுக்கு ஆகாது, ஒரு ஆளைத் தாங்கத் தாராளம். ஒரே குறை, அங்கங்கே அறுந்த கம்பி இழைகள் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். கையைக் கிழிக்காமலிருக்க, கயிற்றின்மேல் ரப்பர் குழாயைக் கோத்துவிட வேண்டும். அதற்காகக் குழாயையும் சுமந்து ஏறியிருந்தார்கள்.

கிளாம்ப் மூன்று போதுமா, நான்கு வேண்டுமா என்று அடுத்த சண்டை. நான்கு போட்டு இறுக்கினார்கள். இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தார்கள். கயிறு இம்மியும் அசையவில்லை.

"பிரமாதம்," என்று அப்பா திரும்பினார். குழாய் சுருள் சுருளாகப் பாறைமேல் உட்கார்ந்திருந்தது.

"அப்பா..."

"பேசாதே."

"குழாயைக் கோக்கவே இல்ல."

"அதான் பேசாதேங்கறேன்."

பிறகு சிரிப்பு வந்து இரண்டு பேராலும் நிற்க முடியவில்லை. மழை தூற ஆரம்பித்தது. கத்தியால் குழாயை நெடுக்கப் பிளந்து மாட்டிவிடலாமா என்று மகள் கேட்டாள்.

"பிளந்தா தண்ணி உள்ள இறங்கும். அப்புறம் உங்கம்மா கையெல்லாம் துருதான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து முனையைக் கழட்டிக் கோத்துடலாம்."

குழாயைப் பக்கத்து மரக்கிளையில் கட்டிவிட்டு இறங்கினார்கள்.

கயிறு அம்மாவுக்காகத்தான். கல்யாணமான புதிதில் அந்த ஏற்றத்தில் கால் வழுக்கி உருண்டவள். பெரிய அடி இல்லை. பயம் மட்டும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை வந்தாலும் கீழே உள்ள தட்டைப்பாறைதான் அவளுக்கு எல்லை. அங்கிருந்து அருவி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். "எனக்குச் சத்தமே போதும், நீங்க போயிட்டு வாங்க," என்று வாரப்பத்திரிகையை விரித்துக்கொள்வாள். அப்பா மேலே போய் நின்று, "எங்கயும் போயிடாதே, வந்துடறேன்!" என்று கத்துவார்.

அது அவருடைய தொழில் வசனம். எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும், கதவிடுக்கில் வாயை வைத்து முதலில் அதைத்தான் சொல்வார். உள்ளே அழுதுகொண்டிருக்கிறவரும் சிரித்துவிடுவார். சிலர் திட்டுவார்கள். "திட்டுறாங்கன்னா மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம்," என்று சொல்லிக்கொண்டே வேலையைப் பார்ப்பார்.

அன்று இறங்கி வந்தபோது தட்டைப்பாறையில் அம்மா குடையோடு நின்றிருந்தாள். "முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான். அடுத்த வாரம் நீ அருவியைப் பாக்குறே."

"பாத்தாப் போச்சு," என்றாள் அம்மா. வரமாட்டேன் என்று அவள் சொல்லாதது அதுவே முதல் தடவை.

புதன்கிழமை, ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்டின் மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் அப்போதுதான் சரிசெய்திருந்த லிஃப்டிலேயே அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். அது எங்கும் சிக்கவில்லை.

மழைக்காலம் முழுக்க வீட்டில் யாரும் மலையைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய கருவிப்பை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு காலையில் அம்மா அதை எடுத்துவந்து மகள் முன்னால் வைத்தாள்.

"ஸ்பேனர் இதுல இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப கிளம்பு."

தட்டைப்பாறை வந்தது. அம்மா உட்காரவில்லை, ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டு நடந்தாள். ஏற்றத்தின் அடியில் போய் நின்று, கயிற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"குத்துது."

"குழாய் கோத்தா குத்தாதும்மா."

குழாய் அதே கிளையில் இருந்தது. அப்பா போட்ட முடிச்சை அம்மாவே அவிழ்த்தாள். நகம் வைத்து, மெதுவாக. மகள் பாறையருகே மண்டியிட்டு முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினாள். நகரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். அப்பா இறுக்கியது. அப்படியே நெற்றியைப் பாறையில் சாய்த்துக்கொண்டாள். மேலே அருவி விழுந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"ரொம்ப இறுக்கி வச்சிருக்காரும்மா."

"பொறுமையா கழட்டு," என்றாள் அம்மா. குழாயின் முனை அவள் கையில் தயாராக இருந்தது. "நான் எங்கயும் போயிடல."